சேதுக்கரைப் பள்ளிகளில் குடிமைக் கல்வி: 1785 முதல் மண்டபம் முகாம் வரை

குடிமைக் கல்வியை ஆராய வருபவர்கள் முதலில் புரட்டுவது பாடநூலைத்தான். இராமநாதபுரம், இராமேசுவரம் கரையை அந்த வழியில் ஆராய்ந்தால் பாதி வரலாறுதான் கைக்கு வரும். வகுப்பில் தன்னை எங்கே உட்காரவைத்தார்கள், பள்ளிக்கு வெளியே தன் குடும்பத்தின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்ற இரண்டிலிருந்தும்தான் இங்கே ஒரு பிள்ளை நாட்டில் தன் இடத்தைத் தெரிந்துகொண்டது. பாடம் சொன்னதும் பள்ளி செய்ததும் எங்கே ஒத்துப்போயின, எங்கே முரண்பட்டன என்பதை இக்கட்டுரை தேடுகிறது.

தொடக்கம் 1785. தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன், தென்னாட்டில் ஆங்கிலப் பள்ளிகளை நிறுவும் திட்டத்தை முன்வைத்தார். ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் அதைச் செயலாக்கினார். தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1787இல் லண்டனிலிருந்த இயக்குநர் அவை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் அனுமதித்தது. கம்பெனிக்கும் உள்ளூர்ச் செல்வாக்கினருக்கும் நடுவே இருந்த மொழித் தடையை நீக்குவதே நோக்கம். குடிமகன் என்ற எண்ணமே அங்கே இல்லை. கம்பெனியோடு பேசவும் எழுதவும் தெரிந்த ஆட்கள் போதும். பத்து ஆண்டு கழித்து, 1795இல், அதே கம்பெனி இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. 1803இல் அவரது சேது நாடு ஜமீனாகச் சுருங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடிமையியல் ஒரு பாடமாகவே வந்துவிட்டது. ஆட்சிப் பணி அதிகாரி வில்லியம் லீ-வார்னர் இந்தியக் குடிமகனைப் பற்றி 1897இல் வெளியிட்ட நூல் அதற்கு நல்ல சான்று. ஆட்சியின் நன்மைகளை அறிவதும் சட்டத்துக்குப் பணிவதும் அந்த நூல் வரையும் குடிமகனின் இலக்கணம். சொத்தோ வரியோ படிப்போ உள்ளவருக்கு மட்டுமே வாக்கு இருந்த காலத்தில், முத்துக்குளிப்பவரின் மகனுக்கும் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் அந்தப் பாடத்தில் கிடைத்தது கடமை மட்டுமே.

விடுதலைக்கு முந்தைய வகுப்பறை ஒன்று நம் பார்வைக்குக் கிடைத்திருக்கிறது. 1931இல் பிறந்த அப்துல் கலாம் இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்ததை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். தலையில் தொப்பி அணிந்த அவரும் பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். நண்பன் இடம் மாறிப் போவதைப் பார்த்து இராமநாதன் அழுதான். பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். இராமநாதனின் தந்தையும் கோயிலின் தலைமை அர்ச்சகருமான இலட்சுமண சாஸ்திரி ஆசிரியரை வரவழைத்தார். பிஞ்சு மனங்களில் நஞ்சு கலக்காதீர்கள் என்று கண்டித்து, மன்னிப்புக் கேட்பதா, தீவை விட்டுப் போவதா என்று முடிவு செய்யச் சொன்னார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார்.

இன்னொரு ஆசிரியர், அறிவியல் கற்பித்த சிவசுப்பிரமணிய ஐயர், கலாமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் மனைவி ஆசாரச் சமையலறையில் வைத்துப் பரிமாற மறுத்தார். ஐயர் கோபிக்கவில்லை, தாமே பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அந்த அம்மையாரே கலாமை உள்ளே அழைத்துப்போய்ப் பரிமாறினார்.

இந்த நிகழ்ச்சிகளை மதநல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு நகர்வதே வழக்கம். ஆய்வாளர் இங்கே சற்று நிற்க வேண்டும். பையனுக்கு முதல் வரிசை திரும்பக் கிடைத்தது எதனால்? கேட்கச் சட்டமும் இல்லை, பள்ளி விதியும் இல்லை. கோயிலின் தலைமை அர்ச்சகர் நல்ல மனிதராக இருந்தார்; அவருடைய சொல் தீவில் செல்லுபடியானது. அதாவது கிடைத்தது பெரியவர் ஒருவரின் அறம், உரிமை அன்று. அதே ஆண்டுகளில் அதே மாவட்டத்தில் பின்வரிசைக்கும் வகுப்பறைக்கு வெளியேயும் தள்ளப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக ஆசிரியரை வரவழைத்துக் கேட்க யாருக்கு அதிகாரம் இருந்தது? குடியாட்சியில் ஒரு பிள்ளையின் இடம் பெரியவர்களின் நல்ல மனத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. குடிமைக் கல்வியின் கோட்பாடு முழுவதும் இதற்குள் அடங்கும் என்பது என் கருத்து.

விடுதலைக்குப் பின் அரசு இதை உணர்ந்தது. 1948இல் சென்னை மாகாணத்தில் உயர்நிலைக் கல்வி சீரமைக்கப்பட்டபோது குடிமைப் பயிற்சி பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 1952-53இல் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு, மக்களாட்சிக்குரிய குடிமக்களை உருவாக்குவதை இடைநிலைக் கல்வியின் முதன்மை நோக்கங்களில் ஒன்றாக வைத்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. தீண்டாமையைப் பாவமென்றும் பெருங்குற்றமென்றும் மனிதத்தன்மை அற்றதென்றும் அறிவிக்கும் வாசகம் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முகப்பில் இன்றும் இருக்கிறது. குடிமையியல் அலகுகள் எல்லாவற்றையும்விட அதிகப் பிள்ளைகளின் கண்ணில் பட்ட குடிமைப் பாடம் அதுதான். அதை வகுப்பில் வாய்விட்டுப் படித்து விளக்கும் ஆசிரியர்கள் இன்னும் பலர் வேண்டும்.

இனி வகுப்பறைக்கு வெளியே உள்ள பதிவேடு. அதற்கு மண்டபத்துக்குப் போக வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரைத் தொற்றுத் தடுப்புக்காகத் தங்கவைத்த இடம் அது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இசைந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் இடைத்தங்கல் முகாம் வழியே மற்ற மாவட்டங்களுக்குப் போனார்கள். இவர்கள் இந்தியக் குடிமக்களாக வந்தவர்கள். 1983க்குப் பின் இலங்கைப் போருக்கு அஞ்சிப் படகில் வந்தவர்களும் அதே முகாமில்தான் இறங்கினார்கள். சட்டத்தின் கண்ணில் இவர்கள் அயலார். ஒரே கடல், ஒரே முகாம், ஒரே மொழி. குடியுரிமை மட்டும் வேறு. 2021இல் தமிழக அரசு இத்தகைய அகதி முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியது நல்லதே, நிலை மாறவில்லை.

முகாம் பிள்ளைகளுக்குத் தமிழகம் பள்ளிக் கதவைத் திறந்தே வைத்தது. பெருமைப்படத்தக்க செயல் அது. எட்டாம் வகுப்பில் ‘குடிமக்களும் குடியுரிமையும்’ என்ற பாடத்தை அவர்களும் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். சமூகவியலாளர் டி. எச். மார்ஷல் 1950இல் குடியுரிமையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: முதலில் குடிசார் உரிமை, அடுத்து வாக்குரிமை, கடைசியில் கல்வி போன்ற சமூக உரிமை. மண்டபத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கல்வி முதலில் கிடைத்தது. வாக்கும் கடவுச்சீட்டும் அரசு வேலையும் பெரும்பாலோருக்கு வரவே இல்லை.

இந்த இடைவெளியில் பள்ளிக்கு ஒரு தனி இடம் உண்டு. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வாக்குரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. கல்வியைத் தரும் 21அ பிரிவோ 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் குறிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. குடியுரிமைச் சான்று கேட்கவில்லை. முகாமில் வாழும் ஒரு தாய் இந்த நாட்டில் உறுப்பினராக உட்கார்ந்து முடிவெடுக்கக்கூடிய பொது அமைப்பு இது. அந்த நாற்காலியை அவருக்குத் தேடிக் கொடுப்பதைவிடச் சிறந்த குடிமைப் பயிற்சி இந்தக் கரையில் வேறில்லை.

பாடமும் கொஞ்சம் விரிய வேண்டும். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை மேலும் இறுகியது. 2019 திருத்தம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்தத் தேதியைப் பற்றிக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைப் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று ஏற்று, கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார்.

தாயும் தந்தையும் 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள் என்றால், இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் அவர்களின் பிள்ளையும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன்தான். முகாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் எழுதி, பெற்றோரின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.