பாராமுகம்

புறநானூற்றின் 132-ஆம் பாட்டில் ஒரு புலவர் தன்னையே சபித்துக்கொள்கிறார். முதலில் நினைத்திருக்க வேண்டிய வள்ளலைப் பிந்தி நினைத்துவிட்டாராம். அதற்காகத் தன் உள்ளம், நாக்கு, செவி எல்லாமே பாழாகட்டும் என்கிறார். கண்ணை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். வள்ளல், பொதிகைத் தலைவன் ஆய். புலவர், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். தெற்கே ஆய்க்குடி இல்லாவிட்டால் உலகமே நிலைகுலையும் என்பதும் அதே பாட்டில்தான் வருகிறது.

மோசியார் கொடுமை எதுவும் செய்யவில்லை. கவனியாமல் இருந்துவிட்டார், அவ்வளவுதான். அதற்கு நம்மிடம் உள்ள சொல் பாராமுகம். வடமொழியில் பராங்முகம் என்றால் திருப்பிக்கொண்ட முகம். அது தமிழில் பராமுகம் ஆனது. அதில் நம் காது ‘பார்’ என்ற வினையைக் கேட்டிருக்க வேண்டும். துணைக்கால் ஒன்று கூடிப் பாராமுகம் ஆகிவிட்டது. நமக்கு லாபம்தான் என்பேன். முகத்தைத் திருப்புகிறவன் நம்மைப் பார்த்துவிட்டுத்தான் திருப்புகிறான். பாராமுகமோ நேரே நம்மை நோக்கியே இருக்கும். நாம்தான் அதன் கண்ணில் பட மாட்டோம்.

இதற்கு எதிர்ச்சொல் கண்ணோட்டம்: கண் பிறர்மேல் ஓடுவது. வள்ளுவர் அதை இல்லறவியலில் வைக்கவில்லை. கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை இரண்டையும் அடுத்து, அரசியலில் 58-ஆம் அதிகாரமாக வைத்தார். மனுவோடு வரிசையில் நின்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பத்திரிகைத் தமிழில் கண்ணோட்டம் வெறும் கருத்துக்கோணம், இரக்கம் கழன்றுவிட்டது. ‘என்ன அண்ணாச்சி, கண்டுக்கிடாம போறீய?’ என்று தென்காசிப் பக்கம் கேட்கிற கேள்வியில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981-ஐ ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது, அந்த ஆண்டே, அதே தென்காசிப் பக்கத்தில் சொந்த ஊரான ஆய்க்குடியில், ஊனமுற்றோருக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ‘அமர்’, அவருக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயர்.

விருந்தாளி வந்தால் நடக்க முடியாத பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பிவிடும் வீடுகள் எங்கும் உண்டு. பராமுகம், பாராமுகம் இரண்டுமே அங்கே குடியிருக்கின்றன. தானாக வாசலுக்கு வர முடியாத பிள்ளை, சங்கத்தின் மையத்துக்கு மட்டும் எப்படி வரும்? அதனால் அதன் பணியாளர்களே கிராமம் கிராமமாக வீடு தேடிப் போய், பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்து, அதைத் தாய்க்கும் சொல்லித் தருகிறார்கள்.