ரோஜர்ஸ் பிளேஸ்

கனடாவின் எட்மண்டன் நகரில் ஆயிலர்ஸ் அணிக்காகக் கட்டப்பட்டு, 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட பனி ஹாக்கி அரங்கம். உரிமையாளர் மாநகராட்சி, 35 ஆண்டுக் குத்தகையில் நடத்துவது அணித் தரப்பு. சுற்றுப்பணிகளையும் சேர்த்துச் செலவு ஏறத்தாழ 61 கோடி கனடிய டாலர். இதில் 12.5 கோடி, நுழைவுச்சீட்டின் மீதான கூடுதல் கட்டணத்திலிருந்து வர வேண்டியது. அதாவது, பார்ப்பவரே கொடுக்கிறார். இந்தப் பகுதியை அவ்வளவாகக் குறைசொல்ல முடியாது. சிக்கல் இருப்பது நிதியின் இன்னொரு பகுதியான மறுசீரமைப்பு வரியில்தான். அரங்கத்தால் சுற்றுப்புற மனைகளின் மதிப்பு உயரும், அந்த உயர்விலிருந்து கிடைக்கும் சொத்துவரி, அரங்கத்துக்காக வாங்கிய கடனை அடைக்கும் என்பது கணக்கு. சுற்றிலும் கோபுரக் கட்டடங்கள் எழுந்ததைக் காட்டி, கணக்கு பலித்துவிட்டது என்பார்கள் ஆதரவாளர்கள். ஆனால் அவற்றுள் ஒன்றான எட்மண்டன் டவரின் முதன்மை வாடகைதாரர் அதே மாநகராட்சி! மேலும், அரங்கம் இல்லாவிட்டால் அந்த முதலீடு நகரின் வேறு பகுதிக்குப் போயிருக்காது என்று எப்படிச் சொல்வது?

ரயில் இணைப்பின் கதை வேறு. அரங்கத்தையொட்டிய மெக்கீவன் நிலையம், 2015இல் திறக்கப்பட்ட மெட்ரோ தடத்தில் உள்ளது. சமிக்ஞைக் கோளாறுகளால் அந்தத் தடத்தில் ரயில்கள் நெடுநாள் மெதுவாகவே ஓடின என்பது நியாயமான குறை. ஆனாலும் அது பல்கலைக்கழகத்துக்கும் ராயல் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்கும் ஆட்டமில்லா நாள்களிலும் மக்களைக் கொண்டுசேர்க்கிறது. ஆகவே பொதுப்பணத்துக்கான வாதம் அரங்கத்தைவிடத் தண்டவாளத்துக்கே வலுவாகப் பொருந்துகிறது.