கிர்கிஸ் விருந்தோம்பல்

கிர்கிஸ் விருந்தோம்பல் என்பது நடு ஆசிய நாடான கிர்கிஸ்தானின் சிற்றூர்களிலும் மலை மேய்ச்சல் நிலங்களிலும் உறவினரையும் வழிப்போக்கரையும் வரவேற்று உணவு பகிரும் மரபாகும். கடுங்குளிர் மிக்க மலைநாட்டில் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களுக்கு அடுத்த கூடாரத்தில் கிடைக்கும் சூடான உணவு உயிர்காப்பாக இருந்தமையால், வந்தவர் யாரென வினவுமுன் தேநீர் வைப்பது கடமையாயிற்று. சோவியத் ஆட்சியின் கூட்டுப்பண்ணைத் திட்டத்தால் மக்கள் ‘அயில்’ எனப்படும் நிலையான ஊர்களில் குடியேற்றப்பட்ட பின்னரும் இக்கடமை தளரவில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் வாழ்வோர் நாரின், தலாஸ் போன்ற மாநிலங்களின் ஊர்களிலுள்ள சொந்தங்களையும், கோடையில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திலுள்ள சோங்குல் ஏரிக்கரை போன்ற ‘ஜைலூ’ எனும் மேய்ச்சல் வெளிகளில் தங்கும் உறவினரையும் காணச் செல்கையில் இம்மரபின் முழு வடிவம் புலப்படும்.

கம்பளிக் கூடாரத்திலும் சரி, சுவர் எழுப்பிய வீட்டிலும் சரி, வாயிலுக்கு நேரெதிரே உள்ள ‘தோர்’ எனும் இடம் மூத்தோருக்கும் முதன்மை விருந்தினருக்கும் உரியது. அதன் பின்னே மடித்து அடுக்கப்பட்ட மெத்தைகளும் போர்வைகளும் வீட்டின் வளத்தைக் காட்டும். கூடாரம் அமைக்கும் கிர்கிஸ், கசாக் கைவினை அறிவை 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தோரிலிருந்து வாயிலை நோக்கி வயது குறையக் குறைய இருக்கை அமையும். தேநீர் ஊற்றும் மருமகள், அதாவது ‘கெலின்’, பெரும்பாலும் வாயிற்பக்கமாகவே அமர்வாள்.

நடுவில் விரிக்கப்படும் ‘தஸ்தர்கோன்’ எனும் உணவு விரிப்பில் ‘நான்’ ரொட்டியும், எண்ணெயில் பொரித்த ‘போர்சோக்’ மாவுத் துண்டுகளும், ‘கைமாக்’ எனும் கெட்டிப் பாலேடும், பழப்பாகும் நிறைந்திருக்கும். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அவமதிப்பு. அவசரமாகப் புறப்படுவோரும் ஒரு துண்டு பிட்டு வாயிலிட்டே செல்ல வேண்டும். தேநீரைக் கிண்ணம் நிறைய ஊற்றாமல் பாதிக்கும் குறைவாக ஊற்றி அடிக்கடி நிரப்புவதே உபசாரம். கோடையில் பெண்குதிரைப் பாலை நொதிக்கவைத்த ‘கிமிஸ்’ வழங்கப்படும்.

இம்மரபின் உயிர்நிலை இறைச்சிப் பங்கீட்டில் உள்ளது. மதிப்புக்குரிய விருந்தினருக்காக ஆடு அறுக்கப்படுமாயின், அது முதலில் அவர்கள்முன் கொண்டுவரப்பட, மூத்தவர் உள்ளங்கைகளை விரித்து ‘பாத்தா’ எனும் வாழ்த்துரை கூறுவார். ‘ஓமின்’ என்று முடிகையில் அனைவரும் முகத்தைக் கைகளால் வருடிக்கொள்வர். உணவுக்கு முன் இளைஞன் ஒருவன் குடத்திலிருந்து வெந்நீர் வார்க்க, மூத்தோர் முதலாகக் கை கழுவுவர். கையை உதறாமல் துண்டில் துடைப்பதே முறை. ஆடு ‘ஜிலிக்’ எனப்படும் எலும்புத் துண்டங்களாகப் பிரித்து வேகவைக்கப்பட்டு, ஒவ்வொருவரின் வயதுக்கும் உறவுநிலைக்கும் ஏற்ப ‘உஸ்துகான்’ என்ற பெயரில் பங்கிடப்படும். முதிய ஆண்களுக்கு ‘ஜம்பாஷ்’ எனும் இடுப்பெலும்பும், முதிய பெண்களுக்கு ‘உச்சா’ எனும் வால்சார்ந்த பகுதியும், சம்பந்தி வீட்டாருக்குக் கொழுத்த வாலும் ஈரலும் கொடுப்பது வழக்கம். தலையைப் பெறும் விருந்தினர் அதன் காதை அறுத்துச் சிறுவர்க்கு அளிப்பதுண்டு. பங்கு மாறிப்போனால் அது மனத்தாங்கலுக்கு இடமளிக்கும் என்பதால், யாருக்கு எது என்பதை அறிந்த ஒருவரே தட்டுகளை அனுப்புவார். உறவுமுறை முழுவதும் இவ்விதம் எலும்புகளின் வரிசையில் பதிந்திருப்பது வியக்கத்தக்க சமூக நுட்பம். பின்னர் இளைஞர்கள் எஞ்சிய இறைச்சியைக் கத்தியால் மெல்லியதாகச் சீவ, அது நூடுல்சோடும் வெங்காயச் சாற்றோடும் கலந்து ‘பெஷ்பர்மாக்’ ஆகும். இதைக் கையால் உண்பதே பழைய வழக்கம்.

உஸ்துகானை அங்கேயே உண்டு தீர்க்க வேண்டியதில்லை. விருந்தினர் அதைப் பையிலிட்டு எடுத்துச் சென்று வீட்டிலுள்ளோருக்குக் கொடுப்பர். இவ்வாறு செல்லும் பங்கு ‘கெஷிக்’ எனப்பட்டு, வர இயலாத முதியோருக்கும் குழந்தைகளுக்கும் விருந்தைச் சேர்ப்பிக்கிறது. நகரத்து உறவினர் தேயிலை, சர்க்கரை, இனிப்பு, துணி முதலியவற்றுடன் வந்து, இறைச்சியும் பாலேடும் உலர்தயிர் உருண்டைகளுமாகத் திரும்புவதால், ஊருக்கும் நகரத்துக்கும் இடையே பணம் புழங்காத கொடுக்கல்வாங்கல் ஒன்றும் இதன் வழியே நடைபெறுகிறது. பெருவிருந்துகளின் செலவு எளிய குடும்பங்களைக் கடனில் ஆழ்த்துவது குறித்து நாட்டில் நியாயமான விவாதம் நிலவுகிறது. ஆயினும் அக்கண்டனம் திருமண, ஈமச் சடங்குகளின் ஆடம்பரத்தைப் பற்றியதேயன்றி, வாயிலுக்கு வந்தவருக்கு ரொட்டியும் தேநீரும் அளிப்பதைப் பற்றியதன்று.