தத்து பாபன் போகானல்

தத்து பாபன் போகானல் (பிறப்பு: 1991) இந்தியத் துடுப்புப் படகோட்ட வீரர். மகாராட்டிராவின் நாசிக் மாவட்டத்தில், வறட்சி மிகுந்த தாலேகாவ் ரோகி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். தந்தையுடன் கிணறு வெட்டும் வேலை செய்து வந்த இவர் 2012-இல் தரைப்படையில் சேர்ந்தார். துடுப்பு வலிக்கக் கற்றதும் அங்கேதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டுக்குத் தகுதி பெற்ற ஒரே இந்தியர் இவர். ஒற்றையர் பிரிவில் 13-ஆம் இடம் பெற்றார்.

2018 ஆசிய விளையாட்டின் படகோட்டப் போட்டிகள் இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரில் நடந்தன. ஆகஸ்ட் 23 அன்று, உடல்நலம் குன்றிய நிலையில், ஒற்றையர் இறுதியில் கடைசியாக வந்தார். மறுநாள் சுவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் பிரிவில் தங்கம் வென்றார். 2010-இல் பஜ்ரங் லால் தாக்கர் வென்றதற்குப் பின், ஆசிய விளையாட்டுப் படகோட்டத்தில் இந்தியா பெற்ற இரண்டாவது தங்கம் இது.