முந்திப் போகிறவர்கள்

ஏழு மணி ரயிலுக்கு ஐந்து மணிக்கே மூட்டை முடிச்சுகளோடு ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்கிறவர்களைக் கண்டு நாம் சிரிப்பதுண்டு. நேரத்தின் அருமை தெரியாதவர்கள் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். எனக்கு என்னவோ, அவர்களைப்போல் அந்த அருமையை அறிந்தவர்கள் கிடையாது என்றே தோன்றுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய இருப்புப்பாதை 1862 வாக்கில் திருச்சினாப்பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அதுவரை ஊருக்குச் சூரியன்தான் கடிகாரம். ரயில்களோ பிற்பாடு சென்னை நேரத்தைப் பிடித்துக்கொண்டன. சென்னையில் உச்சிப்பொழுதாகி ஆறு நிமிஷம் கழித்துத்தான் திருச்சியில் உச்சிப்பொழுது. எனவே உள்ளூர்ச் சூரியனை நம்பிக் கிளம்பியவரை விட்டுவிட்டு, வண்டி ஆறு நிமிஷம் முந்திப் போய்விடும். 1906 ஜனவரி முதல் தேதி தேசத்துக்கெல்லாம் ஒரே நேரம் என்று ஏற்பட்டபோது, ரயில் கடிகாரம் இன்னும் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னே நகர்ந்தது. இந்தக் குழப்பத்தில் முந்திப் போனவரே புத்திசாலி. அவர் காத்திருந்த நேரம், டிக்கெட்டில் அச்சிடாத கட்டணம்.

அந்தக் கட்டணத்தை இன்று பொருளாதார நிபுணர்கள் அளக்கிறார்கள். "ஒரு வண்டி எப்போதும் ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரும்; இன்னொன்று சில நாள் நாலரை மணி, சில நாள் ஆறு மணி. முதல் வண்டிக்கு எவ்வளவு அதிகம் கொடுப்பீர்கள்?" என்று பிரயாணிகளையே கேட்கிறார்கள். பிரிட்டிஷ் ரயில்வேக் கணக்கில், எதிர்பாராத தாமதத்தின் ஒரு நிமிஷம், வண்டியில் வழக்கமாகக் கழியும் இரண்டு மூன்று நிமிஷங்களுக்குச் சமம். வேகம் குறைந்தால் மனிதன் பொறுத்துக்கொள்வான். வாக்குத் தவறினால்தான் பொறுப்பதில்லை.

இதில் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு தனி வழக்கு உண்டு. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து வந்த கார்டு லைன், தஞ்சாவூர்ச் சுற்றை மிச்சப்படுத்தி அவர்களைச் சென்னைக்கு நெருக்கமாக்கியது. ஆனால் ஒரு வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதை அது போய்ச் சேரும் கடைசி நிலையத்தில் பார்த்துக் குறிப்பதே நமது ரயில்வேயின் வழக்கம். அதனால் அட்டவணை போடுகிறவர்கள் கடைசித் துண்டுக்குக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் ஒதுக்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து வந்து திருச்சியோடு நிற்கும் வண்டிக்கு அந்தக் கடைசித் துண்டு ஸ்ரீரங்கத்திற்குப் பிறகுதான். ஸ்ரீரங்கத்தில் இருபது நிமிஷம் பிந்திய வண்டி, காவேரியைத் தாண்டி ஜங்ஷனுக்குள் யோக்கியமாய் நேரத்துக்கு நுழைந்துவிடலாம். பதிவேட்டில் தாமதமே இராது.

வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் பரமபத வாசல் திறக்கிறது. அதற்கென்றே வருகிற ஒரு கிழவிக்கு அந்த இருபது நிமிஷம் எவ்வளவு பெறும்? ஸ்ரீரங்கத்தில் இறங்குகிறவர்களை யாராவது கேட்டுத்தான் எழுதவேண்டும். அதுவரை அவள் முதல் நாளே வந்து, எங்காவது ஒரு திண்ணையில் முடங்கிக்கொள்வாள். அந்தக் கட்டணமும் எந்தக் கணக்கிலும் ஏறாது.