ஓய்வை இழந்த மலை

றொசல்ல ரயில் நிலையத்தில் இறங்குவோர் கண்ணுக்குத் தேயிலையே தெரியும். மலைநாட்டில் அதற்கு முன் கோலோச்சியது கோப்பி. கோப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளரிற் பலர் தமிழகத்துக்குத் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஓய்ந்திருந்த மாதங்கள் அத்துடன் மறைந்தன. இலைநோயைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விழப்பையும் கற்பித்தல் வேண்டும்.

விடியுமுன் தப்பொலி, பிரட்டுக்களம், மலையேற்றம். நாள்தோறும் இதுவேயானால் உடல் மட்டுமா சோரும்? உள்ளமும் மரத்துப்போகும். துரைமார் அதைச் சோம்பல் என்றனர். அவர்கள் கண்ட மருந்து அரைப்பேர், அதாவது பாதிக்கூலி!

1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது மணி வேலைநாளை வகுத்தது. 1929இல் மலைநாட்டில் ஆணின் நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மாலையில் அவள் மூட்டிய அடுப்பு எக்கணக்கிலும் ஏறவில்லை. 1939இல் இயற்றப்பட்ட மகப்பேற்று நலச் சட்டமே பிரசவகால ஓய்வுக்குப் பணவுதவியை அவளது உரிமையாக்கிற்று.