ஐரோப்பிய ஒன்றியத்தில் வதிவிடப் பதிவும் வேலை உரிமையும்

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு நாட்டின் குடிமக்கள், ஒன்றியத்தின் மற்றொரு நாட்டில் குடியேறி வேலை பார்க்க விசாவோ வேலை அனுமதியோ பெற வேண்டியதில்லை. இந்த உரிமை ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது. அரசு அலுவலகம் வழங்கும் சான்று அதை உறுதி செய்கிறதே தவிர உண்டாக்குவதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1976இல் ரோயே வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பதிவு செய்யத் தவறியவருக்கு அபராதம் விதிக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காக நாட்டைவிட்டு வெளியேற்ற முடியாது.

இப்போதைய விதிகள் 2004ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க நெறியாணையில் உள்ளன. முதல் மூன்று மாதம் தங்குவதற்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ போதும். அதற்கு மேல் தங்குபவர் ஊழியராகவோ சுயதொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும். இல்லையேல் வாழ்க்கைச் செலவுக்குப் பணமும் மருத்துவக் காப்பீடும் இருப்பதைக் காட்ட வேண்டும். மாணவர்களுக்கும் காப்பீடு கட்டாயம். வேலை தேடி வந்தவருக்கு நியாயமான கால அவகாசம் தர வேண்டும். ஆறு மாதம் போதுமானது என்று 1991இல் அன்டோனிசன் வழக்கில் நீதிமன்றம் ஏற்றது.

புதிதாக வருபவர்கள் குழம்புவது பதிவில்தான். முகவரியைப் பதிவது ஒன்று, வதியும் உரிமையைப் பதிவது வேறொன்று. ஆஸ்திரியா இரண்டையும் கேட்கிறது: முகவரியை மூன்று நாளுக்குள்ளும், உரிமையை நான்கு மாதத்துக்குள்ளும் பதிய வேண்டும். ஸ்வீடன் உரிமைப் பதிவை 2014இல் கைவிட்டது. ஓராண்டுக்குக் குறையாமல் தங்க இருப்பவர் வரித்துறையின் மக்கள் பதிவேட்டில் சேர்ந்து தனிநபர் எண் பெறுகிறார். அயர்லாந்திலும் பிரான்சிலும் உரிமைப் பதிவு கட்டாயமில்லை. ஜெர்மனியில் முகவரிப் பதிவு மட்டுமே. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் இல்லாமல் அது நடக்காது. பதிவுக்குப் பின்னரே 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டாதவருக்கு அது வந்து சேராமல் போகலாம். முகவரிப் பதிவு சட்டத்தில் சிறு சம்பிரதாயம். ஆனால் சம்பளமும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் அதைச் சார்ந்தே நகர்கின்றன.

சமூகக் காப்பீட்டில் ஒரே சமயத்தில் ஒரு நாட்டின் சட்டமே பொருந்தும். பொதுவாக அது வேலை நடக்கும் நாட்டின் சட்டம். நிறுவனத்தால் தற்காலிகமாக அனுப்பப்படுபவர் ஏ1 சான்றுடன் 24 மாதம் வரை சொந்த நாட்டுக் காப்பீட்டில் தொடரலாம். மருத்துவர், செவிலியர் போன்றோர் தம் தகுதிக்குத் தனியாக அங்கீகாரம் பெற வேண்டும்.

ஒன்றியக் குடிமகனுடன் செல்லும் மனைவியோ கணவனோ இலங்கை, இந்தியா போன்ற வெளிநாட்டுக் குடியுரிமை உடையவரானால், அவர் வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட வேண்டும். பொதுவாக ஐந்தாண்டு செல்லும். அவர் வேலையும் பார்க்கலாம். ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் பலர் இதே சுதந்திர நடமாட்ட உரிமையில்தான் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தனர். 2020 டிசம்பர் 31உடன் அந்த வழி மூடப்பட்டது.

சட்டப்படி ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கிறது. அதன்பின் வருமானத்தையோ காப்பீட்டையோ காட்ட வேண்டியதில்லை. தொடர்ச்சியாக இரண்டாண்டுக்கு மேல் நாட்டில் இல்லாவிட்டால் அந்த உரிமை பறிபோகும்.